கல்லூரிகளைக் கூட்டினால் ஆள் பற்றாக்குறை தீருமா?

பொது சுகாதாரம் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "உலகம் முழுக்க டாக்டர் போதவில்லை, நர்ஸ் போதவில்லை என்கிறார்கள். கல்லூரிகளைக் கூட்டினால் தீர்ந்துவிடும் விஷயம்தானே? இதற்கென்று தனி ஆராய்ச்சித் துறை எதற்கு? இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் செய்வதற்கு ஏதாவது இருக்குமா?"

நிறையவே இருக்கிறது. கல்லூரிகளைக் கூட்டினால் பட்டம் வாங்கியவர்கள் கூடுவார்கள். உறுதியாகச் சொல்ல முடிவது அவ்வளவுதான். ஒருவர் பட்டம் வாங்குவதற்கும், ராத்திரி 2 மணிக்கு ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க ஆள் இருப்பதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் எங்கே எத்தனை பேர் உதிர்கிறார்கள், ஏன் உதிர்கிறார்கள், யார் கடைசிவரை நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

முதலில் 'போதவில்லை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அறிக்கையில் ஓர் எண் இருந்தது: 1000 பேருக்கு டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி மூவரும் சேர்ந்து 2.28 பேர். இதற்குக் கீழே இருந்த நாடுகள் 57. அவற்றுக்கு இன்னும் 24 லட்சம் பேர் தேவை என்றார்கள். பத்து ஆண்டு கழித்து, 2016இல், அந்த எல்லைக்கோடு 4.45 ஆனது. 2030இல் 1.8 கோடி பேருக்குப் பற்றாக்குறை இருக்கும் என்ற கணக்கு வந்தது. 2022இல் மறுபடி கணக்குப் போட்டபோது அது ஏறத்தாழ 1 கோடியாக இறங்கியது. நோயாளிகள் திடீரென்று கூடிக் குறையவில்லை. கோடு போட்ட இடம் மாறியது, தரவு மாறியது. 2.28 என்ற எண்ணுக்கு அடிப்படை, பிரசவங்களில் 80 சதவீதத்துக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற ஒரே இலக்கு. 4.45க்கு அடிப்படை, நீடித்த வளர்ச்சி இலக்குகளிலிருந்து எடுத்த 12 குறியீடுகளின் தொகுப்பு. இரண்டுமே நியாயமான தேர்வுகள்தான். ஆனால் இவற்றை ரத்தப் பரிசோதனை முடிவு போல வாசிப்பவர்கள் அதிகம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவை வேறு, கிராக்கி வேறு, இருப்பு வேறு. மக்களின் நோய்ச் சுமையைப் பார்த்து "இத்தனை நர்ஸ் வேண்டும்" என்பது தேவை. அத்தனை பணியிடங்களுக்குச் சம்பளம் கொடுக்க யாராவது தயாராக இருக்கிறார்களா என்பது கிராக்கி. படித்து முடித்து வேலைக்குத் தயாராக இருப்பவர்கள் இருப்பு. வார்டில் ஒரு நர்ஸ் 40 நோயாளிகளைப் பார்க்கும் நாட்டிலேயே, படித்த நர்ஸ்கள் வேலையில்லாமல் வீட்டில் இருப்பதும் நடக்கிறது. முரண்பாடு போலத் தெரியும். தேவை இருக்கிறது, இருப்பும் இருக்கிறது, நடுவில் பணியிடத்துக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவே. அங்கே போய் இன்னும் நான்கு கல்லூரி திறந்தால் வேலையில்லாதவர்கள்தான் கூடுவார்கள். அப்புறம் அவர்கள் விமானம் ஏறுவார்கள்.

எதிர்காலக் கணிப்பு விஷயத்தில் இந்தத் துறையின் சரித்திரம் அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. பிரிட்டனில் வில்லிங்க் குழு 1957இல், டாக்டர்கள் அதிகமாகிவிடுவார்கள், மாணவர் சேர்க்கையைக் குறையுங்கள் என்றது. சில ஆண்டுகளிலேயே பற்றாக்குறை வந்து, 1968இல் டாட் குழு சேர்க்கையைப் பெரிய அளவில் கூட்டச் சொன்னது. அமெரிக்காவில் 1980இல் வந்த அரசுக் குழுவின் அறிக்கை, 1990இல் 70,000 டாக்டர்கள் மிஞ்சுவார்கள், 2000இல் 1,45,000 பேர் மிஞ்சுவார்கள் என்றது. 1997இல் அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சி இடங்களுக்கு உச்சவரம்பு போட்டார்கள். 2000க்குப் பிறகு அதே நாட்டில் பேச்சு முழுக்கப் பற்றாக்குறையைப் பற்றித்தான். செயற்கை நுண்ணறிவில் பெரிய பெயரான ஜெஃப்ரி ஹிண்டன் 2016இல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க டாக்டர்களை இனிப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டில் கணினி அந்த வேலையை அவர்களைவிட நன்றாகச் செய்யும் என்ற ரீதியில் பேசினார். அந்தக் கெடு தாண்டிவிட்டது. அந்த வேலைக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஆராய்ச்சியாளர்களைக் கிண்டல் செய்து பயனில்லை. ஒரு சிறப்பு டாக்டர் உருவாக 10 முதல் 15 ஆண்டு ஆகும். அதற்குள் நோய் மாறும், மருந்து மாறும், வேலை நேரம் பற்றிய சட்டம் மாறும். டாக்டர்களே முன்பு போல வாரம் 70 மணி நேரம் வேலை செய்யச் சம்மதிக்க மாட்டார்கள். எனவே ஒரே தடவை பெரிய கணிப்புச் செய்து 20 ஆண்டுக்கு அதைப் பிடித்துத் தொங்குவதைவிட, அடிக்கடி திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நெதர்லாந்தில் 1999 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைப் புதுப்பித்து, எந்தப் பிரிவில் எத்தனை பேரைப் பயிற்சிக்கு எடுக்கலாம் என்று அரசுக்குச் சொல்கிறது. என் பார்வையில், கணிப்பில் நம்பத்தக்க வழி அதுதான். பிழை வரும் என்று ஒப்புக்கொண்டு, அது பெரிதாவதற்குள் திருத்துகிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அரசு, ஆண்டுக்கு 3058 ஆக இருந்த மருத்துவ இடங்களை 2000 கூட்டப் போவதாக அறிவித்தது. பயிற்சி டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் ராஜினாமா செய்து வெளியேறினார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அவர்கள் சொன்ன வாதங்களில் ஒன்று: மொத்த எண்ணிக்கை பிரச்சினை இல்லை, அவசர சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு போன்ற பிரிவுகளுக்கு ஆள் வராதபடி ஊதியமும் சட்ட அபாயமும் இருப்பதுதான் பிரச்சினை. அந்த வாதத்தில் சுயநலம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் உண்மையும் இருக்கிறது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு எண் மறுபடியும் 3058க்கே திரும்பியது.

சரி, இப்போது கையிருப்பில் யார் இருக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்கு வருவோம். எளிது என்று தோன்றும், எளிதே இல்லை. மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இருப்பவர்கள் ஒரு எண். சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் இன்னொரு எண். உண்மையில் இன்றைக்கு வேலைக்கு வந்திருப்பவர்கள் மூன்றாவது எண். பதிவேட்டில் பெயர் சேர்ப்பார்கள், இறந்தவர் பெயரை எடுக்க மாட்டார்கள். நான் கையாண்ட ஒரு பதிவேட்டில், பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்த்தால் 100 வயது தாண்டிய டாக்டர்கள் பலர் 'பணியில் உள்ளோர்' பட்டியலில் இருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான்.

சம்பளப் பட்டியலும் அவ்வளவு நம்பகம் இல்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் முன்னறிவிப்பு இல்லாமல் சுகாதார நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். சராசரியாக 35 சதவீதம் பணியாளர்கள் அங்கே இல்லை. இதில் விடுப்பில் இருந்தவர்களும் வேறு அலுவல் வேலைக்குப் போனவர்களும் சேர்த்திதான், எல்லோரையும் ஓபி அடிப்பவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். காகிதத்தில் மூன்று பேர் இருக்கும் நிலையத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், கல்லூரியைக் கூட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

அடுத்து, ஓர் இடத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? மக்கள்தொகையை ஓர் எண்ணால் வகுத்துப் பணியிடம் ஒதுக்குவது பழைய பழக்கம். அதைவிட மேலானது, வேலைப்பளுவை அளந்து கணக்கிடுவது. உலக சுகாதார நிறுவனம் இதற்கு 'விஸ்ன்' என்ற ஒரு முறையை வைத்திருக்கிறது. முதல் கையேடு 1998இல் வந்தது, திருத்திய பதிப்பு 2010இல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு கற்பனை நிலையத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு மருத்துவச்சி வாரம் 5 நாள் வேலை செய்கிறார். 52 வாரத்துக்கு 260 நாள். விடுப்பு 20, அரசு விடுமுறை 15, உடம்பு சரியில்லாத நாள் 5, பயிற்சிக்குப் போகும் நாள் 5 கழித்தால் 215. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1720 மணி நேரம். ஒரு தாய் வலியோடு வந்ததிலிருந்து, குழந்தையோடு வார்டுக்குப் போகும்வரை மருத்துவச்சியின் நேரம் 7 மணி பிடிக்கிறது என்று வையுங்கள். நிலையத்தில் ஆண்டுக்கு 600 பிரசவம் நடந்தால் 4200 மணி நேர வேலை. அதை 1720ஆல் வகுத்தால் 2.44 பேர். ஆனால் பதிவேடு எழுதுவது, மருந்து இருப்பைச் சரிபார்ப்பது, கூட்டத்துக்குப் போவது என்று நாளில் கால் பங்கு போகிறது. எனவே 2.44ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும். 3.26 பேர். அங்கே இருப்பது 2 பேர் என்றால், விகிதம் 0.61. ஐந்து பேர் வேலையை மூன்று பேர் இழுக்கிறார்கள் என்பது போல.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இன்னொரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரசவ வலி அலுவலக நேரம் பார்த்து வராது. 24 மணி நேரமும் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்றால், ஆண்டுக்கு 8760 மணி நேரம். 1720ஆல் வகுத்தால் 5.09. அதாவது வேலைப்பளுவின்படி 3 பேர் போதும் என்று சூத்திரம் சொல்லும் நிலையத்துக்கு, எந்நேரமும் ஒருவர் இருக்க 5 பேர் வேண்டும். சிறிய ஊர் நிலையங்கள் எல்லாம் விழுவது இந்த இடைவெளியில்தான். வேலை குறைவு என்று ஆளைக் குறைப்பார்கள், ராத்திரியில் கதவு பூட்டியிருக்கும், மக்கள் தொலைவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அடுத்த ஆண்டு கணக்கில் வேலை இன்னும் குறையும். நான் இந்தத் துறைக்குள் இழுக்கப்பட்டதே இந்த 5.09ஐ முதல் முறை போட்டுப் பார்த்த அன்றுதான்.

இருக்கும் ஆட்கள் எந்த ஊரில் எத்தனை பேர் என்ற பகிர்வு விஷயத்துக்கு வருகிறேன், உண்மையில் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. வேல்ஸின் ஒரு சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவும், எங்கே குறைவாகத் தேவையோ அங்கே அதிகமாகவும் கிடைக்கிறது. 'தலைகீழ் பராமரிப்பு விதி' என்று அதற்குப் பெயரிட்டார். உலக அளவில் பார்த்தால், 2010இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி மக்களில் பாதிப் பேர் கிராமப்புறத்தில். டாக்டர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அங்கே. நர்ஸ்கள் 38 சதவீதம்.

மொத்த எண்ணிக்கையைக் கூட்டினால், நகரம் நிரம்பி வழிந்து மிச்சம் தானாகவே சிற்றூர்களுக்குப் போகுமே என்று கேட்பீர்கள். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. அமெரிக்காவில் 1982இல் ஜோசப் நியூஹவுஸ் குழுவினர், 1970களில் சிறப்பு டாக்டர்கள் பெருகப் பெருக, அதுவரை ஆளே இல்லாத சிறு நகரங்களுக்கும் அவர்கள் போனதைக் காட்டினார்கள். ஆனால் ஜப்பானில் டாக்டர்கள் கூடிய காலத்தை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வு, ஏற்றத்தாழ்வு குறையவில்லை என்றது. கசிவு நடக்கும், ஆனால் பணம் புழங்கும் ஊர்கள் வரை நடந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கப்பால் உள்ள ஊருக்கு வேறு வழி தேட வேண்டும்.

அந்த வேறு வழிகளில் ஆராய்ச்சி மறுபடி மறுபடி சுட்டிக்காட்டுவது, கல்லூரி வாசலை. யாரை உள்ளே எடுக்கிறோம் என்பதை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி 1974இல் ஒரு திட்டம் தொடங்கியது. கிராமப்புறத்தில் வளர்ந்து, கிராமப்புறத்தில் குடும்ப டாக்டராகப் போக விரும்பும் மாணவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை. ஹோவர்ட் ராபினோவிட்ஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட கணக்கு: பென்சில்வேனியாவின் 7 மருத்துவக் கல்லூரிகளில் பட்டம் பெற்ற 14,710 பேரில் இந்தத் திட்டத்தில் வந்தவர்கள் 206 பேர்தான், ஏறத்தாழ 1 சதவீதம். ஆனால் அந்தக் கல்லூரிகளில் படித்து மாநிலத்தின் கிராமப்புறத்தில் குடும்ப டாக்டராக இருப்பவர்களில் 21 சதவீதம் இவர்கள்.

இங்கே உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால் ஆய்வுக்கு வராதீர்கள். கிராமத்துக்குப் போக ஏற்கெனவே முடிவு செய்தவர்களைத்தானே எடுத்தார்கள்? திட்டம் என்ன சாதித்தது? இதே குழு 2001இல் அதையும் பார்த்தது. திட்டத்தில் சேராமல், ஆனால் கிராமத்தில் வளர்ந்து முதலாண்டிலேயே குடும்ப மருத்துவம்தான் என்று சொன்னவர்கள், திட்டத்தில் வந்தவர்களோடு ஒப்பிட்டால் 78 சதவீத அளவுக்குக் கிராமப்புற டாக்டர்களாக ஆகியிருந்தார்கள். அதாவது பலனில் பெரும்பகுதி தேர்வினால் வந்தது, பாடத்தினால் வந்தது கொஞ்சம். திட்டத்தைக் குறை சொல்லும் முடிவு மாதிரித் தெரிந்தாலும், கொள்கை வகுப்பவருக்கு இதைவிட உபயோகமான தகவல் கிடையாது. செலவு பிடிக்கும் பாடத்திட்ட மாற்றத்தைவிட, சேர்க்கைக் குழுவின் மேசையில் நடக்கும் மாற்றம் மலிவானது.

நார்வேயின் வட கோடியில் ட்ரோம்சோவில் 1970களில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியிலும் இதே கதை. அங்கே படித்தவர்களில் 56 சதவீதம் வடக்கிலேயே தங்கினார்கள், வடக்கில் பிறந்து வளர்ந்தவர்களை மட்டும் பார்த்தால் 82 சதவீதம். ஜப்பானில் 1972இல் 47 மாகாணங்களும் சேர்ந்து ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தை உருவாக்கின. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவர்கள், கட்டணம் கிடையாது, பதிலுக்கு 9 ஆண்டு சொந்த மாகாணத்தில் வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்ஸின் லெய்தேவில் 1976இல் தொடங்கிய கல்வி முறை. அங்கே மாணவரை ஊர்தான் பரிந்துரைத்து அனுப்பும். எல்லோரும் முதலில் மருத்துவச்சிப் படிப்பில்தான் சேர வேண்டும். முடித்ததும் ஊருக்குத் திரும்பி வேலை செய்ய வேண்டும். ஊர் திருப்தியாகி மறுபடி அனுப்பினால் நர்ஸ் படிப்பு. அப்புறம் மறுபடி ஊர். அதன் பிறகுதான் டாக்டர் படிப்பு. ஏணியின் எந்தப் படியில் ஒருவர் நின்றாலும் ஊருக்குப் பயன்படும் ஓர் ஆள் கிடைத்திருப்பார். வழக்கமான மருத்துவப் படிப்பில் பாதியில் விட்டவர் வெறுங்கையோடு போகிறார்; இங்கே அப்படி இல்லை.

கல்லூரி வாசலைப் பற்றிப் பேசும்போது ஃப்ளெக்ஸ்னர் அறிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவை மோசம் என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான், பலவற்றில் ஆய்வகமே இல்லை. தரம் உயர்ந்தது, கல்லூரிகள் மூடப்பட்டன. கறுப்பினத்தவருக்கென்று இருந்த 7 கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி இரண்டு மட்டுமே மிஞ்சின. அந்தச் சமூகத்திலிருந்து டாக்டர்கள் வரும் வழி பல தலைமுறைக்குச் சுருங்கிவிட்டது. தரத்தைக் கூட்டும் ஒரு முடிவு, யார் டாக்டராக முடியும் என்பதையும் கூடவே முடிவு செய்துவிடுகிறது.

கட்டாயப் பணி, ஊக்கத்தொகை பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2010 வாக்கில் எடுத்த கணக்கில் 70 நாடுகளில் ஏதாவதொரு வடிவில் கட்டாயக் கிராமப் பணி இருந்தது. காலம் முடிந்த மறுநாளே மூட்டை கட்டுபவர்கள் ஏராளம். ஆனாலும் ஒருவர் போய் இன்னொருவர் வந்துகொண்டே இருந்தால் நிலையம் திறந்திருக்கும் அல்லவா, அதை அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. பணமும் வேலை செய்யும். மலாவியில் 2004இல் தொடங்கிய அவசரத் திட்டத்தில் 52 சதவீதச் சம்பள உயர்வு கொடுத்து, கூடவே பயிற்சி இடங்களையும் விரித்தார்கள். ஐந்தாண்டில் முக்கியப் பிரிவுகளின் பணியாளர் எண்ணிக்கை 5453இலிருந்து 8369 ஆனது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இந்தத் துறையின் பெரிய பலவீனமே அதுதான். காக்ரேன் அமைப்பு, கிராமப்புறத்தில் பணியாளரைத் தக்கவைக்கும் வழிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, 2009இல் அவர்களுடைய தர அளவுகோலைத் தாண்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை. 2015இல் ஒன்றே ஒன்று தேறியது, தைவானிலிருந்து. இத்தனை நாடுகள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துபார்த்த விஷயத்துக்கு இவ்வளவுதான் சான்று. உங்களுக்குச் செய்வதற்கு வேலை இருக்குமா என்று கேட்டீர்களே!

நேரடிச் சோதனை செய்ய முடியாத இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மாணவரிடம் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அதில் இரண்டு வேலைகள். முதல் வேலை நகரத்தில், சாதாரணச் சம்பளம், வீடு கிடையாது, மேற்படிப்புக்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாவது கிராமத்தில், 30 சதவீதம் கூடுதல் சம்பளம், வீடு உண்டு, 2 ஆண்டில் மேற்படிப்பு, ஆனால் கருவிகள் சரியில்லை. எதை எடுப்பீர்கள்? தேர்ந்தெடுத்ததும் அடுத்த அட்டை, அம்சங்கள் கலைந்து வேறு மாதிரி. இப்படி ஒரு டஜன் அட்டை. நேரடியாக "என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் "சம்பளம்" என்பார்கள் அல்லது "சேவை" என்பார்கள். விட்டுக்கொடுக்க வைத்தால்தான் எதற்கு எவ்வளவு எடை என்று தெரியும். கானாவில் மருத்துவ மாணவர்களிடம் இப்படிச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அதிக எடை விழுந்தது நல்ல கருவிகளுக்கும் துணை நிற்கும் நிர்வாகத்துக்கும். சம்பளம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இந்த முறையில் உள்ள ஓட்டை: அட்டையில் டிக் அடிக்கச் செலவு இல்லை. மனைவியும் மாமியாரும் சேர்ந்து எடுக்கும் முடிவு அட்டையில் வராது.

நேரடியாகவே சோதித்த ஓர் அழகான ஆய்வு ஜாம்பியாவில் நடந்தது. 2010இல் அரசு, கிராம சுகாதார உதவியாளர்களைப் புதிதாக எடுத்தது. நவா அஷ்ரஃப், ஓரியானா பாண்டியேரா, ஸ்காட் லீ உள்ளிட்ட ஆய்வுக் குழுவினர் விளம்பர நோட்டீசை மட்டும் மாற்றினார்கள். சில மாவட்டங்களில் 'உங்கள் ஊருக்குச் சேவை செய்யுங்கள்' என்ற தொனி. மற்றவற்றில் 'இந்த வேலையில் சேர்ந்தால் மேலே மேலே போகலாம்' என்ற தொனி. வேலை ஒன்று, சம்பளம் ஒன்று. முன்னேற்றத்தைப் பார்த்து வருகிறவர்கள் ஊரைக் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு: அந்த நோட்டீசைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் 29 சதவீதம் கூடுதலாக வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் வேலை பார்த்த பகுதிகளில் எடை குறைந்த குழந்தைகளின் விகிதமும் இறங்கியது. இதைப் படித்த பிறகு, 'சேவை மனப்பான்மை' என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கொஞ்சம் சலிப்பு வருகிறது.

வேலையைப் பங்கிடுவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மொசாம்பிக்கில் 1984 முதல் டாக்டர் அல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2007இல் வெளியான ஆய்வில், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவை சிகிச்சைகளில் 92 சதவீதத்தைச் செய்தது இவர்கள்தான். பட்டம் பெற்று 7 ஆண்டு கழித்தும் இவர்களில் 88 சதவீதம் பேர் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தார்கள். மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்ட டாக்டர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்தப் பட்டத்துக்கு வேறு சந்தை இல்லாததால்தான் இவர்கள் தங்கினார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அது உண்மையும்கூட. அப்போது அவர்களுக்குப் பதவி உயர்வும் மரியாதையும் எப்படிக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி.

வெளிநாடு போவதைப் பற்றிச் சுருக்கமாக. உலகில் 8 நர்ஸ்களில் ஒருவர், பிறந்த அல்லது படித்த நாட்டைவிட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார் என்பது 2020 கணக்கு. 2010இல் உலக நாடுகள் ஏற்ற ஆள்சேர்ப்பு நெறிமுறை இருக்கிறது, கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. ஆனால் 'போனால் இழப்பு' என்று மட்டும் நினைக்காதீர்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ்களுக்கு அமெரிக்கா கதவைத் திறந்த காலத்தை ஆராய்ந்ததில், கூடுதலாக ஒருவர் போனதற்கு ஏறத்தாழ 9 பேர் புதிதாக நர்ஸ் உரிமம் பெற்றிருந்தார்கள். வெளிநாட்டு ஆசை படிப்பைப் பெருக்கியது, படித்தவர்கள் எல்லோரும் போகவில்லை. தனியார் கல்லூரிகளும் ஆசிரியர்களும் அங்கே தாராளமாக இருந்தது ஒரு காரணம். அது இல்லாத சிறு நாட்டில் இதே கதை நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இருப்பவர்கள் போகாமல் இருக்கிறார்களா என்பதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். லிண்டா ஐக்கன் குழுவினர் 2002இல் பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. சோர்ந்தவர் வேலையை விடுவார், மிஞ்சியவருக்கு இன்னொரு நோயாளி கூடுவார். எந்தக் கல்லூரியும் இந்த வேகத்துக்கு ஆள் தயார் செய்ய முடியாது.

ஆய்வுத் தலைப்புக்கு வருகிறேன். 'நாட்டின் மருத்துவ ஆள்பலம்' என்று பெரிதாக எடுக்காதீர்கள், மூன்று ஆண்டில் மூழ்கிவிடுவீர்கள். ஒரே ஒரு நர்ஸிங் கல்லூரியில், பத்தாண்டுக்கு முன் பட்டம் பெற்ற ஒரே ஒரு வகுப்பை எடுங்கள். 60 பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் எந்த ஊரில் வளர்ந்தவர், முதல் வேலை எங்கே, இரண்டாவது எங்கே, எப்போது ஏன் மாறினார், இன்று எங்கே என்று விசாரியுங்கள். பதிவேடு, பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு, ஆசிரியர்களின் ஞாபகம், எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். கல்லூரியிலும் நெறிமுறைக் குழுவிலும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

45 பேர் வரை சுலபமாகக் கிடைப்பார்கள். மிச்சம் 15 பேரை 'தகவல் இல்லை' என்று ஒதுக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். வெளிநாடு போனவர்கள், தொழிலையே விட்டவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பாதவர்கள் எல்லாம் அதிகம் இருப்பது அந்த 15 பேருக்குள்தான். அவர்களைத் தேட எத்தனை மாதம் ஒதுக்குவது, கிடைக்காவிட்டால் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை, முதல் ஆளுக்குப் போன் செய்வதற்கு முன்பே உங்கள் நெறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.